பொருந்தாத தம்பி

1

நான் முன்பு எழுதிய ஒரு கதை பொய் என்று சொல்வதற்காகவே இந்தக் கதையை எழுதுகிறேன்.

அந்தப் பழைய கதையில் ஒரு அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் வரும். தம்பி தன் ஸ்டெம் செல்லைக் கொடுப்பான். அக்கா பிழைத்துக்கொள்வாள். கடைசிப் பத்தியில் இருவரும் ஒரே குடைக்குள் நடந்து போவார்கள். பலருக்கும் பிடித்துப்போனது. அந்தக் குடையைப் பற்றி மட்டும் எட்டுக் கடிதங்கள் வந்தன.

போன மாதம் ஒரு புத்தக வெளியீட்டுக்கு என் அக்காவையும் அழைத்துப் போயிருந்தேன். கூட்டம் கலையும் நேரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். குடைக் கதையைப் படித்திருக்கிறார். அது என் சொந்த அனுபவம்தான் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். பக்கத்தில் நின்றவள் அக்கா என்று தெரிந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"இப்படி ஒரு தம்பி கிடைக்க நீங்க கொடுத்து வச்சிருக்கணும்மா."

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டேன். அடக்கமான ஆள் என்று அவர் நினைத்திருப்பார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா வண்டியை ஓட்டியபடி சிரித்தாள். "நிஜத்துல பொருந்தல, கதையிலயாவது பொருந்தட்டும்னு எழுதினியாடா?" அதில் துளிகூடக் குத்தல் இல்லை. என் பாசத்தை மெச்சித்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

2

ஆரம்பங்கள். நான்கு எழுதினேன்.

முதலாவது: "உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு நடந்தது அவளுக்கும் நடந்தது." செய்தித்தாள் வாடை அடிக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "எட்டு மணிக்கு மாத்திரை போடாமல் விழித்த முதல் காலையில் அக்கா ஜன்னலோரம் நின்று" [ஜன்னலோரம் நின்று என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலை நான் அங்கே இல்லை. பெரும்பாலான காலைகளில் இல்லை.]

மூன்றாவது: "நான் என் அக்காவை" [இதற்கு மேல் பேனா நகரவில்லை. மூன்று நாள் நகரவில்லை.]

நான்காவதில் 'நான்' என்பதைத் தூக்கிவிட்டு 'தம்பி' என்று போட்டுப் பார்த்தேன். வண்டி கிளம்பிவிட்டது. ஆகவே இனி வருகிறவன் தம்பி. அவன் நான்தான். உங்களை ஏமாற்றும் உத்தியெல்லாம் இல்லை. அவனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால்தான் அவன் மூஞ்சியைப் பார்க்க முடிகிறது.

3

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தம்பியைவிட ஆறு வயது மூத்தவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிக்கவும், மிதிக்காமல் இருக்கவும் தெரிந்தவள். பயந்தவர்களை அவளிடம்தான் அனுப்புவார்கள். கணவனை இழந்த அம்மாக்கள், ஒருமுறை மோதிவிட்டு ஸ்டியரிங்கைத் தொடவே நடுங்குகிறவர்கள், ஐம்பது வயதில் கற்க வந்த பல் டாக்டர். "மோதினா மோதிட்டுப் போகுது, என் வண்டிதானே" என்பாள். யாரும் மோதியதில்லை.

முப்பத்தைந்து வயதில் ஒரு அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. முதலில் தம்பியிடம்தான் சொன்னாள். ஒரு காபிக் கடையில், மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து, தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

தம்பி கேட்ட முதல் கேள்வி, "எப்படி?"

[நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். நான் சொல்லப்போவதில்லை. பின்னால் புற்றுநோய் வந்தபோது யாரும் அவளிடம் எப்படி என்று கேட்கவில்லை.]

அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "காபி ஆறுது" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் காலை எட்டு மணிக்கு மாத்திரை. ஒரு வருடத்திற்குள் கிருமி பரிசோதனையில் தட்டுப்படாத அளவுக்கு அடங்கிவிட்டது. யாருக்கும் அவளால் தொற்றாது என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். தம்பி அதைப் படித்தான், புரிந்துகொண்டான். படித்தவன், ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், மருந்துப் பெட்டிக்குள் வரும் குறிப்புத்தாள்களை மொழிபெயர்ப்பதே அவன் பிழைப்பு. அப்படியும் அவள் வீட்டுக்குப் போனால் தாகமில்லை என்பான். அவள் தோளில் கை வைத்தால் காலணியைச் சரிசெய்வதுபோலக் குனிவான். அவள் கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது. பதற்றமான கைகளைக் கவனிப்பதுதான் அவள் தொழில் என்பது மட்டும் தெரியும்.

4

எட்டு வருடம் கழித்து அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றினார்கள், அடங்கியது, நான்கே மாதத்தில் திரும்பியது. இனி ஸ்டெம் செல் மாற்றுதான் வழி என்றார் டாக்டர். அக்காவின் எலும்பு மஜ்ஜையை மருந்தால் காலி செய்துவிட்டு, பொருத்தமான இன்னொருவரின் அணுக்களை ஏற்ற வேண்டும். அவை வேர் பிடித்துப் புது ரத்தத்தை உண்டாக்கும். கூடப்பிறந்தவர்கள் பொருந்தினால் நல்லது.

கூடப்பிறந்தவன் ஒருவன்தான். தம்பி போய் ரத்தம் கொடுத்தான். அன்றைக்கு அவனுக்குத் தன்மேல் நல்ல அபிப்பிராயம்கூட இருந்தது.

பத்து நாள் கழித்து, கொடையாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவனைத் தனியாக அழைத்தாள். சின்ன அறை. இரண்டு நாற்காலி, பிளாஸ்டிக் செடி ஒன்று, வருகிறவர்களின் கைக்கு எட்டுகிற இடத்தில் டிஷ்யூ பெட்டி.

"பத்துக்குப் பத்து பொருந்துது" என்றாள் நர்ஸ். "நாலு பேர்ல ஒருத்தருக்குத்தான் இப்படி அமையும்."

எப்படி எடுப்பார்கள் என்று அவன் கேட்டான். ஐந்து நாள் ஊசி, பிறகு இரண்டு கையிலும் குழாய் போட்டு நாலைந்து மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுக்க வேண்டும், ரத்தம் வெளியே வந்து வேண்டிய அணுக்களை மட்டும் விட்டுவிட்டு உடம்புக்கே திரும்பிவிடும், கொஞ்ச நாள் எலும்பு வலிக்கும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று விளக்கினாள். இதை அவள் நூறு பேருக்குச் சொல்லியிருப்பாள். ஆனாலும் அவசரப்படாமல் சொன்னாள்.

"எனக்கு ஏதாவது தொத்துமா?"

"அவங்க ரத்தம் உங்ககிட்ட வராதுங்க. உங்களோடதுதான் அவங்ககிட்ட போகும்."

இது அவனுக்கு முன்பே தெரியும். தெரிந்தே கேட்டான். அடுத்ததாகக் கேட்டதுதான் கேள்வி.

"இது செஞ்சாலும் அந்த இன்னொரு நோய் இருக்கும்தானே?"

"இருக்கும். மாத்திரை போட்டுக்கிட்டு இன்னும் முப்பது வருஷம் நல்லா இருப்பாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று தம்பி எழுந்தான். இரண்டு நாள் கழித்து அலுவலகப் படிக்கட்டில் நின்று போன் செய்து, முடியாது என்றான்.

5

இங்கே ஒரு சிக்கல். எந்த வாசகரும் இவனை ஏற்றுக்கொள்ள மாட்டார். அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். தேடினேன்.

ஒரு பிரதியில் அவன் மனைவி நிறைமாதம். (அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.) இன்னொன்றில் ஊசியைக் கண்டாலே மயங்கி விழுவான். (பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு நர்ஸிடம் ஜோக் அடித்தான்.) மற்றொன்றில் அலுவலகத்தில் விடுப்புத் தரவில்லை. (கேட்கவே இல்லை.) சிறு வயதில் அக்கா ஏதோ துரோகம் செய்தாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். அவள் செய்த துரோகம் என்று எனக்கு நினைவுக்கு வந்ததெல்லாம், ஒருமுறை என் சைக்கிளை அவள் தோழிக்குக் கொடுத்தது. அதுவும் என்னைக் கேட்டுவிட்டுத்தான்.*

* அந்தப் பக்கத்தைக் கிழிக்கும்போது ஒன்று புரிந்தது. தம்பிக்கு நியாயம் தேடுவதற்காக நான் அக்காவை இரண்டாவது தடவை கைவிடப் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் அந்த இரண்டு நாளும் அவன் மனத்தில் ஓடியது ஒரே ஒரு வாக்கியம். அதை எழுதி அடித்து, எழுதி அடித்து, தாளே ஓட்டையாகிவிட்டது. இப்போது எழுதுகிறேன்: எப்படியும் அந்த நோய் இருக்கத்தானே செய்கிறது.

அவ்வளவுதான். பயம் இருந்தது, அருவருப்பும் இருந்தது. ஆனால் அடியில் கிடந்தது இந்தக் கணக்குத்தான். அவள் வாழ்க்கை ஏற்கனவே பாதிப் பழுது, அதற்காக நான் எதற்கு என்று. வேறு யாருக்காவது தேவைப்பட்டிருந்தால் அன்றைக்கே கை நீட்டியிருப்பான். வேறு நோய் எதுவும் இல்லாத அக்காவாக இருந்திருந்தாலும்.

நர்ஸ் திட்டவில்லை. "உங்க விருப்பம்தாங்க. குடும்பத்துல பொருத்தமான கொடையாளி இல்லைன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்வோம். காரணம் யாருக்கும் போகாது" என்றாள். எல்லா இடத்திலும் அதுதான் முறையாம். அவள் நாலு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவேளை அவன் திரும்பியிருப்பான். [இதுவும் சப்பைக்கட்டு. பழியை நர்ஸ் தலையில் இறக்கப் பார்க்கிறேன்.]

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு படுக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் சொன்னதோடு விஷயம் முடிந்திருக்கும். தம்பி தானாகவே முந்திக்கொண்டு சொன்னான்: "பொருந்தலையாம்கா."

"அதுக்கு ஏன்டா உனக்கு மூஞ்சி இப்படிப் போகுது? நீ என்ன பண்ணுவ" என்று அவள்தான் அவனைத் தேற்றினாள்.

6

வெளியாளைத் தேட ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் நோயை அடக்கிவைக்க இன்னொரு சுற்று மருந்து ஏற்றினார்கள். அதில் எதிர்ப்பு சக்தி சுத்தமாகப் படுத்து, நுரையீரலில் தொற்று வந்தது. அதற்குக் கொடுத்த மருந்தில் அவளுக்கு ஒரு காது போய்விட்டது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் பக்கத்துக் காது. இன்றைக்கும் யாராவது "கியர் மாத்தவா?" என்று மெதுவாகக் கேட்டால் அவள் உடம்பையே திருப்பிக்கொண்டு "என்ன சொன்னீங்க?" என்கிறாள்.

உலகக் கொடையாளர் பட்டியலில் மூன்று பேர் பொருந்தினார்கள். டாக்டர் அந்த மூவரிடமும் ஒரு விசேஷத்தைத் தேடினார். எச்.ஐ.வி. கிருமி ரத்த அணுவுக்குள் நுழைய அணுவின் மேல் ஒரு பிடி வேண்டும். மிகச் சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடி கிடையாது. மூவரில் ஒருவருக்கு இல்லை; அவருடைய அணுக்களுக்குள் கிருமியால் நுழைய முடியாது. எந்த நாடு, ஆணா பெண்ணா, யாருக்கும் தெரியாது. அந்த அணுக்கள் வெளிர்சிவப்பாக ஒரு பையில் வந்தன. ஒரு மணி நேரத்தில் ஏற்றி முடித்தார்கள்.

வேர் பிடித்தது. புற்றுநோய் போயிற்று. மூன்று வருடம் காத்திருந்துவிட்டு, எட்டு மணி மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். அக்கா நிறுத்தினாள். முதலில் வாராவாரம், அப்புறம் மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள். இரண்டரை வருடம் ஆகியும் கிருமி தலைகாட்டவில்லை. ரத்தத்தில் இல்லை, குடலில் இல்லை, தேடிய இடம் எதிலும் இல்லை.

டாக்டர் எச்சரிக்கையான ஆள். பெரிய வார்த்தைகளை வாயில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் சுற்றினார். கடைசியில், "குணமாயிடுச்சும்மா" என்றார். பிறகு கொஞ்சம் உற்சாகமாகிச் சொன்னார்: சொந்தத்தில் கொடையாளி கிடைத்திருந்தால் பட்டியல் பக்கமே போயிருக்க மாட்டோம், இது நடந்திருக்காது. சொல்லிக்கொண்டே வந்தவர் அக்காவுக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தார். கோப்பு முழுவதும் படித்தவர் அவர். ஒரு கணம்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "நல்லவேளை உன்னோடது பொருந்தலடா. பொருந்தியிருந்தா இன்னும் மாத்திரையை முழுங்கிக்கிட்டு இருப்பேன்."

தம்பி அவளைக் கட்டிப்பிடித்தான். பதினைந்து வருடத்தில் முதல் தடவை. அன்று சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று வரிசையாக எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தபிறகு அக்கா மெதுவாகச் சொன்னாள். "இருபது பேருடா. நேத்து வரைக்கும் எனக்கு என்ன, முள்ளா முளைச்சிருந்துச்சு?"

பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டு டிவியைப் போட்டாள்.

7

முடிவுகள்.

முதல் முடிவில் அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். எழுதினேன். ரொம்ப நன்றாக வந்தது, அதனால்தான் சந்தேகம் வந்தது. அவளுக்கு முன்பே தெரியுமென்றால் நான் சொல்ல வேண்டிய வேலை மிச்சம்.

இரண்டாவதில் தம்பி சொல்கிறான், அக்கா அழுது மன்னிக்கிறாள். அவளுடைய மன்னிப்பை அவளைக் கேட்காமல் நானே எழுதிக்கொண்டேன். அதையும் கிழித்தேன்.

மூன்றாவது ஒரு முடிவல்ல, தர்க்கம். நான் மறுத்ததால்தான் அவள் முழுசாகக் குணமானாள், ஆகவே என் மறுப்பு ஒருவகையில் நல்லதே. இது எனக்குப் பல காலைகளில் தோன்றுகிறது, பல் துலக்கும்போது. வேறொருவர் நல்லவராக இருந்ததன் பலனை நான் கெட்டவனாக இருந்ததன் கணக்கில் எழுதிக்கொள்ளும் தர்க்கம். அந்தக் காதை இதில் எங்கே வைப்பது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்பதையும் எழுதியாக வேண்டும். பூங்காவில் இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். தம்பி தெரிந்தே அவளுடைய கேட்காத காதின் பக்கமாக மாறிக்கொண்டு, நடையை நிறுத்தாமல், சாதாரணக் குரலில் சொன்னான். "பொருந்துச்சுக்கா. நான்தான் மாட்டேன்னுட்டேன்." ஒரு எழுத்து விடாமல் சொன்னான். அவள் ஐந்தாறு அடி நடந்துவிட்டு, நல்ல காதைத் திருப்பி, "ஏதாவது சொன்னியா?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

மனம் இலேசானதுபோல் இருந்தது. அதற்குத்தான் இன்றுவரை எனக்கு அதிகம் கூசுகிறது. மறுத்ததற்குக்கூட இவ்வளவு இல்லை. குடைக் கதையை எழுதியது அந்த வாரம்தான்.

8

இந்தப் பகுதி பிறகு சேர்த்தது.

ஒன்றிலிருந்து ஏழு வரை எடுத்துக்கொண்டு இன்று காலை அக்கா வேலை பார்க்கும் பயிற்சி மைதானத்துக்கு வந்தேன். தம்பி என்று இனி எழுத முடியாது, வந்தது நான். அவள் காரின் பானட்டில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதுகிற எல்லாவற்றையும் அவள் முதலில் படிப்பது வழக்கம், எழுத்துப்பிழை பார்க்க. தாள்களை வாங்கி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

அவள் வேகமாகப் படிப்பவள். எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பல் டாக்டர் வரும் இடத்தில் சிரித்தாள். "ஐம்பது இல்ல, ஐம்பத்திரண்டு" என்றாள். பிறகு அந்தச் சின்ன அறைக்கு வந்தாள். சிரிப்பு எப்போது போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் திரும்பும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை. பிறகு கேட்டது. கடைசிவரை படித்தாள்.

பத்து மணி வகுப்புக்கு ஒரு பெண் வந்து நின்றாள். முதல் நாள் போலிருக்கிறது, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அக்கா தாள்களை நான்காக மடித்து டாஷ்போர்டு அறைக்குள் வைத்தாள். அந்தப் பெண்ணை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னாள். பெல்ட் மாட்டச் சொல்லிக்கொடுத்தாள், கண்ணாடியைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

"முக்கால் மணி நேரம் ஆகும். இரு. போயிடாத."

'போயிடாத' என்பதை அவள் எப்படிச் சொன்னாள் என்று எழுத எனக்கு வார்த்தை இல்லை. கோபமாக என்று எழுதினால் கோபமில்லை. அன்பாக என்று எழுத என் கை வராது. நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பீர்களோ, அப்படிப் படித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு என்ன என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்தால் எனக்குத் தோதானதைத்தான் வைப்பேன். எட்டுக் கடிதம் வரும்.

மைதான ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். கார் முக்கி முனகி நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது. அந்தப் பெண் என்னவோ கேட்கிறாள், அக்கா உடம்போடு திரும்பிக் காது கொடுக்கிறாள். நான்கு சுற்று முடிந்துவிட்டது. இரண்டு முறை எழுந்து கேட் வரை போய்த் திரும்பி வந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஐந்தாவது சுற்றில் கார் ஒருமுறைகூட நிற்கவில்லை. நேராக வந்து பெஞ்சுக்கு எதிரே நிற்கிறது. அந்தப் பெண் இறங்கி, அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டு, என்னைத் தாண்டிப் போகிறாள். அக்கா இறங்கவில்லை. பெல்ட்டையும் கழற்றவில்லை. டாஷ்போர்டு அறையைத் திறந்து தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான ஓட்டுநர் இருக்கையைக் கையால் இரண்டு முறை தட்டுகிறாள்.

எழுந்திருக்கிறேன்.